ந. பாஷா

ஆம்பூர் சிதாரா ஷூ கம்பெனியில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று பின்கட்டில் இருந்த தொழுகை அறை. இன்னொன்று மாடியில் கம்ப்யூட்டர் வைத்திருந்த அறை. தூசு பட்டால் மெஷினுக்கு ஆகாது என்று, அதற்கு புரோகிராம் எழுதிக் கொடுத்த வேலூர் மூர்த்தி கறாராகச் சொல்லியிருந்தான். முதலாளி முக்தார் அகமது ஜில்லா முழுக்கச் செருப்பு தைத்துப் போடுகிறவர். அவரே அந்த வாசலில் ஒற்றைக் காலில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, லேஸை அவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. முதல் நாளிலிருந்தே அந்தப் பெட்டியின் மேல் அவருக்கு ஒரு கடுப்பு உண்டு.

உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருக்கும். எண்பத்தேழாம் வருஷத்துப் பங்குனி வெயில் அது. பாலாறு மணலாகக் காய்ந்து கிடந்தது. டேனரிகளின் வாசம் வெயிலில் இன்னும் கனத்து, துணிக்குள்ளும் சோற்றுக்குள்ளும் புகுந்துகொண்டிருந்தது. ஆம்பூரிலேயே அந்த வாசம் எட்டிப் பார்க்காத அறை அதுதான் என்று நசீமுன்னிசா நினைத்துக்கொள்வாள். பி.காம். முடித்து, வேலூரில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வந்தவள். கடைக்காரர்கள் கேட்ட சரக்கை மெஷினில் அடித்து பில் போடுவது அவள் வேலை. அந்த வேலையை அவள் விரும்பினாள் என்று சொன்னால் போதாது. காலையில் சுவிட்சைப் போட்டதும் பச்சை எழுத்து மினுக்கிக்கொண்டு எழுந்து வருமே, அதைப் பார்க்கும்போது அவளுக்கு ஒவ்வொரு நாளும் சிரிப்பு வரும்.

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் ஒரு கோணி மூட்டை தொப்பென்று விழுந்தது.

"கம்ப்யூட்டர் பொண்ணு நீதானாம்மா?"

"ஆமா பாய். செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க."

"எந்தச் செருப்பை? கால்ல இருக்கறதையா, மூட்டைல இருக்கறதையா?"

வந்தவர் பேர்ணாம்பட்டு ஜான் பாஷா. பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக்கடை வைத்திருப்பவர். தொப்பையும் துண்டுமாக வெறுங்காலில் உள்ளே வந்தவர், ஏசிக் காற்றில் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றார். கோபத்தை ஆறவிடக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, உடனே கண்ணைத் திறந்துகொண்டார்.

"வழக்கம் போல சரக்கு அனுப்புங்கன்னு சொல்லி வுட்டேன். இன்னா வந்துச்சு தெரியுமா? பூரா ஒம்போதாம் நம்பரு, பத்தாம் நம்பரு. எங்க ஊர்ல எல்லாருக்கும் ஆறும் ஏழும்தாம்மா. பத்தாம் நம்பர் காலு பேர்ணாம்பட்டுல ஒண்ணே ஒண்ணுதான் கீது. அதுவும் போலீஸ்காரரு காலு. அவருக்கு கவர்மெண்டே பூட்ஸ் குடுத்துடுது."

நசீம் உதட்டைக் கடித்துக்கொண்டு மெஷினில் தேடினாள். ஜான் பாஷா என்ற பெயரே அதில் இல்லை. மிஸ்டர் ஜான், பேர்ணாம்பட்டு என்று ஒருவர் இருந்தார். அவர் பெயரில் ஒரு ஜோடி செருப்புகூடப் போனதில்லை.

"உங்க பேர்ல சரக்கே போகலையே பாய்."

"போகலைன்னா இந்த மூட்டை இன்னா, என் மாமியார் வீட்டுச் சீரா?"

"பில்லு கொண்டாந்தீங்களா?"

"அது கடைல கீது. பில்லுல பேரை யாரும்மா பாக்கறா? நான் சைஸைப் பாத்தேன், தலை சுத்திப் போச்சு." சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இது மட்டுமா? டிசம்பர்ல உங்க கம்பெனில இருந்து எனக்கு கிறிஸ்மஸ் வாழ்த்து வந்துச்சு. அன்புள்ள மிஸ்டர் ஜான்னு. சரி, நல்ல மனசோட அனுப்பறாங்கன்னு கடைல ஒட்டி வெச்சேன். எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் அதைப் பாத்துட்டு, 'இன்னா பாய், கேக்கு எப்போ?'ன்றாரு."

ஜானை மிஸ்டர் ஜான் ஆக்கியது மூர்த்தி. அவன் குடியிருந்த வேலூர்த் தெருவில் வீட்டுக்கு ஒரு ஜான் உண்டு. பழைய விலாசங்களையெல்லாம் முதல் வாரம் உட்கார்ந்து மெஷினில் ஏற்றியவன் அவன்தான். பாஷாவை யாரோ தவறிச் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்து எடுத்தும் விட்டான்.

ஜான் பாஷாவின் குரல் கேட்டு முதலாளியே மாடியேறி வந்துவிட்டார். வாசலில் லேஸை அவிழ்க்கும்போதே அவர் முகம் சிவந்திருந்தது. மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்து, சமாதானம் சொல்லி ஜான் பாஷாவை அனுப்பி வைத்தார். அப்புறம் நசீம் பக்கம் திரும்பினார்.

"நேத்து திருப்பத்தூர்ல இருந்து ஒருத்தன். முந்தாநேத்து ஆற்காடு. கையால எழுதுன காலத்துல இவ்ளோ பேஜார் இல்லைம்மா. ரம்ஜான் சரக்கு போறதுக்குள்ள இது சரியாவணும். இல்லைன்னா இந்தப் பொட்டியை மூர்த்தி ஸ்கூட்டர்லயே வெச்சுக் கட்டி வேலூருக்கு அனுப்பிடுவேன்."

"நான் பாக்கறேன் முதலாளி."

"உன்னைத் தப்பு சொல்லலை. ஆனா பொட்டி போச்சுன்னா, உனக்கு இங்க இன்னா வேலை கீது?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதனால்தான் அது அவளுக்கு அதிகமாக வலித்தது.

வீட்டில் அக்தரி பேகம் கத்தரிக்காயைப் புளியில் போட்டுக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். நசீமின் அம்மா. கோபமாக இருந்தால் குழம்பில் காரம் கூடும். மகளுக்கு வாணியம்பாடியில் ஒரு வரன் வந்திருந்த நாளிலிருந்து அந்த வீட்டில் குழம்பு கண்ணைக் கரித்தது. பையன் நல்லவன், குடும்பம் நல்ல குடும்பம். கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போகக்கூடாது என்பது ஒன்றுதான் அவர்கள் சொன்ன பேச்சு. நசீம் மாட்டேன் என்றாள். அப்பா அஹமது பாஷா நடுவில் புகுந்து, ரம்ஜான் வரைக்கும் பேச்சை ஆறப்போடலாம் என்று முடித்து வைத்திருந்தார்.

அவர் டேனரியில் டிரம் சுற்றும் இடத்தில் வேலை பார்ப்பவர். லாரி டயர் உயரத்துக்கு நாலு மடங்கு இருக்கும் மரப்பீப்பாய்கள். உள்ளே தோலும் தண்ணீரும் மருந்துமாகக் கடகடவென்று உருண்டுகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்திலேயே நாள் முழுக்க நின்று நின்று, வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். தன் மகள் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாள் என்பதையும் அவர் கத்தித்தான் சொல்லியிருந்தார். தெருவில், டேனரியில், கறிக்கடையில், குடியாத்தம் பஸ்ஸில்.

"இன்னா ஆச்சு பேட்டி, மூஞ்சி ஏன் இப்பிடி கீது?" மகளை அவர் உருதுவில் பேட்டி என்றுதான் கூப்பிடுவார்.

நசீம் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். அக்தரி பேகம் கரண்டியோடு வந்து நின்று கேட்டாள்.

"மெஷினே வேணாம்னு முதலாளி சொல்லிட்டாரா?"

"இன்னும் சொல்லலை அம்மீ. சொல்லப் போறாரு."

"அப்ப அல்லாவே வழி காட்டிட்டான். வாணியம்பாடிக்கு ஆள் அனுப்பட்டா?"

"அட இரு நீ!" அஹமது பாஷா தட்டை நகர்த்தினார். "ரம்ஜானுக்கு இன்னும் நாள் கீது. டிரம்முல தோலைப் போட்டுட்டு நடுவுல கதவைத் தொறந்து பாக்கறவன் வேலைக்காரனா? சுத்தட்டும். பேட்டி, நீ பாரு. எங்க இடிக்குதுன்னு பாரு."

எங்கே இடிக்கிறது? அதைத்தான் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். மெஷினைப் பற்றிக் குறை இருந்தால் எழுதி வையுங்கள் என்று மூர்த்தி ஒரு நோட்டைத் தொங்கவிட்டுப் போயிருந்தான். அதில் ஒருவரும் எழுதவில்லை. இந்த ஊரில் குறையை எழுத மாட்டார்கள், கத்துவார்கள். கடைக்காரர்கள் போனில் கத்தினார்கள். குடோன் கனகராஜ் மாடிப்படியில் நின்று கத்தினான். எனவே நசீம் ஒரு காரியம் செய்தாள். யார் என்ன கத்தினாலும் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டாள். கடிதத்தில் வந்த குறைகளையும் பில் நம்பரை வைத்து மெஷினில் தேடி, யாருக்குப் போன சரக்கு என்று சீட்டில் சேர்த்தாள். கனகராஜிடம் காலி ஷூ பெட்டிகளைக் கேட்டு வாங்கி, மேஜை மேல் வரிசையாக அடுக்கினாள்.

மூர்த்தி அந்த வாரம் வந்தபோது அந்த அறை செருப்புக்கடை மாதிரி இருந்தது.

"இன்னாங்க இது?"

"குறைங்க. தரம் பிரிக்கிறேன். நீங்களும் வந்து கை குடுங்க."

மூர்த்தி ஒல்லி. பயந்த சுபாவம். காட்பாடியில் ஒரு மாடி அறையில் தனியாகத் தொழில் தொடங்கியவனுக்கு இந்தக் கம்பெனிதான் முதல் வாடிக்கை. முதலாளி சத்தமாகத் தும்மினாலே அவன் புரோகிராமில் தப்பு தேட ஆரம்பித்துவிடுவான். சம்மணம் போட்டு உட்கார்ந்து சீட்டுகளை வாங்கிக்கொண்டான்.

முதலில் குறையின் தினுசை வைத்துப் பிரித்தார்கள். சைஸ் பெரிசு ஒரு பெட்டி, சைஸ் சிறிசு ஒரு பெட்டி, ஆண்கள் செருப்பு கேட்டால் பிள்ளைகள் செருப்பு வந்தது ஒரு பெட்டி. எல்லாப் பெட்டியிலும் ஏறக்குறைய ஒரே அளவு விழுந்தது. ஒன்றும் விளங்கவில்லை. கொட்டிவிட்டு, ஊரை வைத்துப் பிரித்தார்கள். பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, குடியாத்தம், ஆற்காடு, திருப்பத்தூர். மறுபடியும் எல்லாம் சமம்.

"எல்லா ஊர்லயும் தப்புன்னா மெஷின்லதான் தப்பு," என்று மூர்த்தி தலையில் கை வைத்தான்.

"மெஷின்ல தப்புன்னா எல்லாக் கடைக்கும் தப்பு வரணும். குடியாத்தத்துல முருகன் ஸ்டோர்ஸ் ஒரு தடவை கத்துனதில்லையே? வாங்க, பேரை வெச்சுப் பிரிக்கலாம்."

பெயரை வைத்துப் பிரித்தபோதுதான் அது நடந்தது. மற்றப் பெட்டிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சீட்டு விழ, ஒரே ஒரு பெட்டி நிறைந்து, மூடி மூடாமல், வழிந்தது. அந்தப் பெட்டியின் மேல் நசீம் எழுதியிருந்த பெயர் என். பாஷா.

பில் நம்பர் இல்லாத ஜான் பாஷாவின் சீட்டு மட்டும் எந்தப் பெட்டியிலும் சேராமல் மேஜை மேல் தனியாகக் கிடந்தது.

"யாருங்க இந்த என். பாஷா?" என்றான் மூர்த்தி.

நசீமுக்கு அவரை நன்றாகத் தெரியும். அதாவது, பார்த்ததில்லை. ஆனால் மனசில் ஒரு படம் வைத்திருந்தாள். ஐந்து ஊரில் கடை வைத்திருக்கும் பெரிய வியாபாரி. தங்க பிரேம் கண்ணாடி, வெள்ளை அம்பாசடர், அத்தர் வாசனை. ஏஜெண்டு செங்கல்வராயன் ஊர் ஊராகப் போய் எழுதி அனுப்பும் ஆர்டர் சீட்டில், ந. பாஷா, பேர்ணாம்பட்டு, வழக்கம் போல என்று இருக்கும். அடுத்த சீட்டில் ந. பாஷா, திருப்பத்தூர், வழக்கம் போல. அவள் இனிஷியல் விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. அவளே எங்கே கையெழுத்துப் போட்டாலும் அ. நசீமுன்னிசா என்று புள்ளி வைத்துத்தான் போடுவாள். ந. என்று கண்டதும் என். என்று பக்காவாக அடித்தாள். வழக்கம் போல என்றால், அந்தப் பெயருக்குக் கடைசியாகப் போன சைஸ்களை மெஷின் தானே எடுத்துப் போட்டுவிடும். மூர்த்தியின் புரோகிராமில் அவளுக்கு மிகவும் பிடித்த வசதி அது.

விஷயத்தைக் கேட்டு முதலாளி ஒரே முடிவாகச் சொன்னார்.

"எவ்ளோ பெரிய ஆளா இருந்தா எனக்கு இன்னா? இவ்ளோ குறை சொல்றவனுக்கு இனிமே சரக்கு கிடையாது. வெட்டி வுட்டுடு."

"ரம்ஜானுக்கு ஜாஸ்தி சரக்கு எடுக்கறவரே அவர்தான் முதலாளி."

"அப்ப அவனைக் கூப்பிடு! நேர்ல பாத்துப் பேசிக்கறேன்."

கூப்பிடுவதற்கு விலாசம் வேண்டுமே. மெஷினில் கடைசியாக இருந்த ஊர் குடியாத்தம். கனகராஜின் மாமனார் ஊர் அதுதான். அங்கே லுங்கி நெய்கிற வீடு அவர்களுடையது. விசாரித்துச் சொல்கிறேன் என்று போனவன், திங்கட்கிழமை வந்து உதட்டைப் பிதுக்கினான். குடியாத்தத்தில் பாஷாக்கள் தெருவுக்குத் தெரு உண்டு. என். பாஷா என்று ஒருவரும் இல்லை. செங்கல்வராயனோ ஜவ்வாது மலைப் பக்கம் போயிருந்தார், வெள்ளிக்கிழமைதான் திரும்புவார்.

அந்த வாரம் முழுக்க நசீம் சரியாகச் சாப்பிடவில்லை. வாணியம்பாடியிலிருந்து யாரோ வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள் என்பது பாத்திரம் வைக்கும் சத்தத்திலேயே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை. ரொட்டியைச் சால்னாவில் தொட்டு வாயில் வைக்கப் போனாள். வாசலில் சைக்கிள் மணி. அப்பாவோடு டேனரியில் வேலை செய்யும் நந்தகோபால், தினமும் அந்த நேரத்துக்கு வந்து, தினமும் கேட்பதையே கேட்டார்.

"நம்ம பாஷா எழுந்துட்டாரா?"

நசீமின் கை அப்படியே நின்றது.

பிறந்ததிலிருந்து கேட்ட குரல், பிறந்ததிலிருந்து கேட்ட வார்த்தை. அந்தத் தெருவிலேயே பாஷாக்கள் நிறையப் பேர். நந்தகோபாலுக்கு அவள் அப்பா மட்டும் நம்ம பாஷா. நம்ம பாஷா. ந. பாஷா.

"அல்லாவே!" என்று எழுந்தவள், ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "நந்தகோபால் மாமா, இப்ப இன்னா சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க!"

"நம்ம பாஷா எழுந்துட்டாரான்னேன். ஏம்மா, உடம்பு சரியில்லையா அவருக்கு?"

"நல்லா கீறாரு மாமா. ரொம்ப நல்லா கீறாரு!"

பல் துலக்கிக்கொண்டிருந்த அஹமது பாஷா நுரையோடு எட்டிப் பார்த்தார். மகள் தெருவில் நின்று சிரிப்பதைப் பார்த்து, என்ன ஏதென்று தெரியாமலே அவரும் சிரித்தார்.

செங்கல்வராயன் வந்தபோது பகல் சாப்பாட்டு நேரம். தோளில் பை, சட்டைப்பை நிறையச் சீட்டு, மலைக்காற்றில் கருத்த முகம். வாசலில் செருப்பைக்கூட முழுசாகக் கழற்ற விடாமல் நசீம் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, சீட்டுல ந. பாஷா, ந. பாஷான்னு எழுதறீங்களே. ந.ன்னா இன்னா?"

"ந.ன்னா நம்ம. வேற இன்னா?"

"முழுசா எழுதுனா இன்னாண்ணே?"

"நீ திருப்பத்தூர் ரோட்டுல பஸ்ஸுல குந்திக்கினு எழுதிப் பாரும்மா. ஒரு பள்ளத்துக்கு ஒரு எழுத்துதான் வரும். நம்மன்னு எழுதறதுக்குள்ள ஊரே வந்துடும்."

"சரி, பேர்ணாம்பட்டு ஜான் பாஷா?"

"நம்ம பாஷா. போனா சோறு போடாம அனுப்ப மாட்டாரு."

"திருப்பத்தூர் பாஷா?"

"அவரும் நம்ம பாஷாதான். என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்தாரே, நீ பாக்கலை?"

"ஆற்காடு?"

"நம்ம பாஷா. மக்கன் பேடா குடுத்து அனுப்புவாரு."

"அப்ப யாருதாண்ணே நம்ம பாஷா இல்ல?"

செங்கல்வராயன் கொஞ்சம் யோசித்தார். "ராணிப்பேட்டைல ஒருத்தர் கீறாரு. தண்ணிகூடக் கேக்க மாட்டாரு. அவரு வெறும் பாஷா."

ராணிப்பேட்டை வெறும் பாஷாவிடமிருந்து இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை. அவர் சரக்கு கடிகாரம் மாதிரி சரியாகப் போய்க்கொண்டிருந்தது. செங்கல்வராயனுக்கு யாரையெல்லாம் பிடித்திருந்ததோ அவர்களெல்லாம்தான் மெஷினில் ஒரே ஆளாகிப் போனார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே வழக்கம். முந்தின பாஷாவின் சைஸ் அடுத்த பாஷாவுக்குப் போனது. திருப்பத்தூர்க் கால்களுக்கு அளவெடுத்த செருப்பு பேர்ணாம்பட்டுக்கு, பேர்ணாம்பட்டின் அளவு ஆற்காட்டுக்கு. தங்க பிரேம் கண்ணாடி போட்ட பெரிய வியாபாரி அந்த நிமிஷத்தில் நசீமின் கண் முன்னாலேயே அம்பாசடரோடு மறைந்து போனார். அவளுக்கு ஒரு துளி வருத்தமும் வந்தது. பழகின ஆள் அல்லவா?

அன்றைக்கு வேலூரிலிருந்து வந்திருந்த மூர்த்தியையும் கூட்டிக்கொண்டு, முதலாளியிடம் சொல்ல மூவரும் கீழே போனார்கள். மூர்த்தி வாயைத் திறப்பதற்குள் நசீம் பேசிவிட்டாள்.

"மெஷின் சரியாத்தான் கீது முதலாளி. ந.ன்னு இருந்ததை இனிஷியல்னு நினைச்சு என்.னு அடிச்சது நான்தான். அண்ணன் பிரியமா எழுதுனாரு, எனக்குப் படிக்கத் தெரியலை."

முக்தார் அகமது அவளைப் பார்த்தார். மூர்த்தியைப் பார்த்தார். செங்கல்வராயனை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"செங்கல்வராயா, நான் யாரு?"

"முதலாளி."

"நம்ம முதலாளியா, வெறும் முதலாளியா?"

செங்கல்வராயன் தலையைச் சொறிந்தார். "அது போனஸைப் பொறுத்து முதலாளி."

முதலில் சிரித்தது முதலாளிதான். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மறுபடி செங்கல்வராயனைப் பார்த்ததும் மறுபடி சிரித்தார். அப்புறம்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது.

"சரி, இப்ப இன்னா பண்றது?" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "சரக்கெல்லாம் ஊர் மாறிக் கிடக்குதே. திருப்பி எடுத்து, பிரிச்சு அனுப்பறதுக்குள்ள ரம்ஜான் வந்துடும்."

"எடுக்க வேணாம் முதலாளி," என்றாள் நசீம். "ஒருத்தர் சரக்கு இன்னொருத்தர்கிட்டதான கீது? அஞ்சு பேரையும் இங்க வரச் சொல்லுங்க. அவங்களே மாத்திக்கட்டும்."

அப்படித்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிதாரா ஷூ கம்பெனி முற்றத்தில் ஐந்து பாஷாக்களும் ஐந்து ஊர் மூட்டைகளும் வந்து இறங்கின. வேப்பமர நிழலில் ஜமுக்காளம் விரித்திருந்தது. ஒருவரையொருவர் பார்த்ததில்லை அவர்கள். அரை மணி நேரத்தில் பிறவியிலிருந்து தோஸ்துகள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

"என் ஆறாம் நம்பரெல்லாம் உன்கிட்டதான் கீதா? நான் தூங்காம தேடுனேன்யா!"

"நீ இன்னா தூங்கலை? பத்தாம் நம்பர் கேட்டு வந்த ஒரு ஆள், எங்கிட்ட இல்லைன்னதும் என் செருப்பையே கழட்டிக் கேட்டான்!"

ஆற்காட்டுக்காரர் கொண்டுவந்த மக்கன் பேடா பெட்டி கைமாறிக்கொண்டே இருந்தது. ஜீராவில் ஊறின விரல்களைச் சரக்கில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் பெட்டிகளைத் தள்ளித் தள்ளிப் பரிமாறிக்கொண்டார்கள். ஜான் பாஷா தன் கிறிஸ்மஸ் வாழ்த்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மற்ற நால்வரும் அதை வாங்கிப் பார்த்து, எங்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று முதலாளியிடம் சண்டைக்குப் போனார்கள்.

மகளைப் பார்க்க என்று சாக்குச் சொல்லிக்கொண்டு அஹமது பாஷாவும் வந்திருந்தார். உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். மதியம் சாப்பாடு வந்து இறங்கியதும் செங்கல்வராயன் வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"நம்ம பாஷா, வாங்க, சாப்பிடலாம்!"

ஆறு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு கடைக்கும் ஒரு நம்பர் கொடுத்தான் மூர்த்தி. பெயர் எப்படி எழுதினாலும் நம்பர் ஒன்று. ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டு, அவர் சொன்னபடியே நசீம் மெஷினில் ஏற்றினாள். மிஸ்டர் ஜான் மறைந்து, ஜான் பாஷா பிறந்தார். செங்கல்வராயனிடம் இனிமேல் பெயர் வேண்டாம், நம்பர் மட்டும் எழுதுங்கள் என்று கண்டித்துச் சொல்லி அனுப்பினார்கள். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் சீட்டு வந்தது. ந. 14, பேர்ணாம்பட்டு, வழக்கம் போல.

நசீம் அதை மூர்த்திக்குக் காட்டினாள். இருவரும் சிரித்து ஓய்ந்தார்கள். பிறகு மூர்த்தி யோசனையாக மெஷினைப் பார்த்தான்.

"அவரை மாத்த முடியாதுங்க. மெஷினை மாத்திடலாம்." வாடிக்கையாளர் விவரத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தான். நம்ம: ஆம், இல்லை. பில்லுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் செங்கல்வராயன் மாடியேறி வந்து அதைப் பார்த்தபோது, இத்தனை நாளில் முதல் தடவையாக அந்தப் பெட்டியைத் தொட்டுத் தடவிக் கொடுத்தார்.

ரம்ஜான் சரக்கு முழுக்கக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு போன்கூட வரவில்லை. முதலாளிக்கே சந்தேகம் வந்து, போன் வேலை செய்கிறதா என்று எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். பெட்டியை வேலூருக்கு அனுப்பும் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவில்லை. அந்த அறை வாசலில் லேஸ் அவிழ்ப்பதற்கு ஒரு ஸ்டூல் மட்டும் போடச் சொன்னார்.

நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள். நந்தகோபால் சைக்கிள் கேரியரில் ஒரு பெரிய பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். திருப்பத்தூர் பஸ் கண்டக்டர் கொடுத்துவிட்டுப் போனாராம். ஏலகிரிப் பழம். தெருமுனைக்கு வரும்போதே வாசம் வீட்டுக்கு வந்துவிட்டது. அக்தரி பேகம் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கத்தியோடு உட்கார்ந்தாள். அன்று காலை குழம்பில் காரம் சரியாக இருந்தது. வாணியம்பாடிக்கு இல்லை என்று அவளே சொல்லி அனுப்பியிருந்தாள். வேலைக்குப் போகிற பெண்ணைக் கேட்கிற வீடு வராமலா போய்விடும் என்று தெருவில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள், யாரோ வராது என்று சொன்ன மாதிரி.

பழத்தின் காம்பில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. அஹமது பாஷா அவிழ்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார். பஸ்ஸில் குலுங்கின எழுத்து.

"ந. நசீமுன்னிசா, ஆம்பூர்." அவருக்குச் சுள்ளென்று ஏறியது. "யாரு இதை எழுதுனது? அஹமது பாஷா பொண்ணுக்கு ந. எங்க இருந்து வந்துச்சு? அ.ன்னு போடத் தெரியாதா? இனிஷியல்ல தப்பு பண்ணக் கூடாதுன்னு நீதான சொல்லுவே பேட்டி, இதைப் பாரு!"

நசீம் சீட்டை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தப்பு இல்லப்பா," என்றாள். "சரியாத்தான் போட்டிருக்காரு."